கொண்டலாத்திக்கு ஒரு வரவு

போன கிழமை ஒரு பாடசாலை விழாவில் ‘இன ஒற்றுமை’ நாடகம் பார்த்தேன். ஒரு பிள்ளைக்குத் திருநீறு, ஒரு பிள்ளைக்குச் சிலுவை, ஒரு பிள்ளைக்குத் தொப்பி. தொப்பிக்காரர் வந்தார், ஸலாம் சொன்னார், வட்டிலப்பம் என்ற இனிப்பை நீட்டினார். கடைசியில் மூவரும் கைகோத்து நின்றார்கள். நானும்தான் கைதட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிச்சல் வந்தது. இவ்வளவு கதை வைத்திருக்கும் முஸ்லிம் சனத்துக்கு எங்கள் மேடையில் வட்டிலப்பம் மட்டும்தானா?

தமிழிலேயே அப்பாசு நாடகம், அலிபாதுஷா நாடகம் என்று முஸ்லிம் நாடகங்கள் எல்லாம் இருக்கின்றன. நூறு மசலா என்ற இஸ்லாமியத் தமிழ்க் கதையில் இளவரசி கேள்வி மேல் கேள்வி போடுவாள், பதில் சொன்னால்தான் கல்யாணம். கூத்தில் தர்க்கம் பாட இதைவிட என்ன வேண்டும்?

என் ஆசை வேறொன்று. பாரசீகக் கவி அத்தார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பறவைகளின் கதை. தங்கள் அரசனான சீமுர்க்கைத் தேடிப் பறவைகள் புறப்பட வேண்டும். வழிகாட்டி யார் தெரியுமா? எங்கள் பனங்காணிகளில் கொண்டையை விரித்துக்கொண்டு புழு கிண்டுமே, அந்தக் கொண்டலாத்தி. குர்ஆனில் சுலைமான் நபிக்குச் செய்தி கொண்டுவருவதும் அதுதான். ஒவ்வொரு பறவையும் ஒரு சாட்டுச் சொல்லும். வாத்து தண்ணீரை விட்டு வராது, புல்புல் ரோசாவை விட்டு வராது. இது அப்படியே கூத்து! ஆளுக்கொரு வரவு (களரிக்குள் வரும் முதல் வருகை), ஆளுக்கொரு தரு (பாட்டு). எங்கள் முல்லைத்தீவுக் கூத்துப் பாணியான முல்லைமோடிக்கென்றே எழுதியது போல இருக்கிறது.

பீட்டர் புரூக் இந்தக் கதையை 1972-73இல் ஆப்பிரிக்கக் கிராமங்களில், நிலத்தில் ஒரு கம்பளத்தை விரித்து ஆடிப் பார்த்தார். நாங்கள் கூத்தாடும் வட்டமான ஆடுகளமான வட்டக்களரிக்குக் கம்பளமும் தேவையில்லை.

முல்லைத்தீவில் தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்திருக்கும் ஒரு முஸ்லிம் நண்பரிடம் சொன்னேன். “நபிமாரை வேசம் கட்டி ஆடக் கூடாது, அது சரிவராது. பறவை என்றால் பிரச்சினையில்லை” என்றார். சரி, முகம்மது நபியின் வாழ்க்கையைப் பாடும் சீறாப்புராணம் பக்கம் போக வேண்டாம். சுலைமான் நபியின் பெயர் பாட்டில் மட்டும் வரட்டும்.

ஏழு பள்ளத்தாக்குகள். வழியில் விழுந்தவை போக முப்பது பறவைகள்தான் போய்ச் சேரும். பாரசீகத்தில் ‘சீ முர்க்’ என்றாலே முப்பது பறவை. தேடிப் போன அரசனும் அவைதான். 2009இல் போருக்குள்ளால் கால்நடையாக நடந்து வந்த எங்களுக்கு இந்தப் பயணத்தை விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டே துரத்தப்பட்ட முஸ்லிம் சனத்துக்கும் தேவையில்லை. துரத்தியது புலிகள், பார்த்துக்கொண்டு நின்றது நாங்கள். அதற்குப் பிறகு கைகோத்து நிற்கிற நாடகம் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. களரியில் அவர்களின் கதையை, அவர்களோடு சேர்ந்து, விடிய விடிய ஆடுவோம் என்றுதான் சொல்கிறேன். அவர்களின் றபான் பறையும் எங்கள் மத்தளமும் சேர்ந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்கலாமே.

கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் முழுக் கதையையும் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: “எல்லாம் சரி தம்பி, முப்பது பேருக்கு உடுப்புக்கு எங்க போற?”

உதவக்கூடியவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.