அந்த ஆஸ்கர் பிரேசிலுக்கு வரவில்லை

'பிரேசிலுக்கு முதல் ஆஸ்கரை வாங்கித் தந்த கறுப்பினப் படம் பிளாக் ஆர்ஃபியஸ்' என்றொரு பதிவு சுற்றிவருகிறது. பாதிதான் உண்மை. 1960இல் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. ஆனால் போட்டிக்கு அனுப்பிய நாடு பிரான்ஸ். இயக்குநர் மார்செல் காமுவும் பிரெஞ்சுக்காரர்.

படத்தைப் பார்த்தவர்கள் ஏமாறுவதில் வியப்பில்லை. ரியோ டி ஜெனீரோவின் குன்றுக் குடிசைகள், கார்னிவல் திருவிழா நெரிசல், போர்ச்சுகீசிய வசனம், பிரேசில் இசையமைப்பாளர்கள் ஜோபிம், போன்ஃபா இருவரின் இசை. கடைசிக் காட்சியில் ஒரு சிறுவன், தான் கிதார் மீட்டினால்தான் சூரியன் எழும் என்று பதறிப் பதறி வாசிப்பான். குன்றின்மேல் வெளிச்சம் பரவும். பிரேசில் கவிஞர் வினிசியஸ் டி மொராயிஸின் நாடகம்தான் மூலக்கதை. நாயகன் பிரெனோ மெல்லோ அந்நாட்டுக் கால்பந்து வீரர். நாயகி மார்பெஸ்ஸா டான்? அவர் பிறந்தது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில்! இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

பிரேசிலின் பெயரில் ஓர் ஆஸ்கர் வர 2025 ஆனது. வால்டர் சாலஸ் இயக்கிய 'ஐ ஆம் ஸ்டில் ஹியர்' அதைப் பெற்றது. அது ராணுவ ஆட்சிக்காலக் கதை. கார்னிவலுக்கு அதில் வேலையில்லை.