ஊர் லைசென்ஸும் லெஸ்டர் ரவுண்டபவுட்டும்

நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து கஞ்சியைக் கையில் எடுத்தேன், மெசேஜ் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் திருநெல்வேலித் தங்கை. "அக்கா, இந்தியா லைசென்ஸ் இங்க ஒரு வருஷம் செல்லும்லா? எனக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வாங்கிட்டுத்தான் வந்தேன். பெறவு பாத்துக்கிடலாம்லா?"

பதில் அடிக்க ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனது. கஞ்சி ஆறிவிட்டது. அவளைப் போல இன்னும் நாலு பேர் கேட்பார்கள் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் விஷயம். பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் வரை நம் ஊர் லைசென்ஸை வைத்து கார் ஓட்டலாம். கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்காது. இன்டர்நேஷனல் பெர்மிட் அந்த 12 மாதத்தை ஒரு நாள்கூட நீட்டாது. அதற்குப் பிறகு இந்த ஊர் ப்ரொவிஷனல் (நம் எல்.எல்.ஆர் மாதிரி, பழகுகிறவர் லைசென்ஸ்), எழுத்துத் தேர்வு, ரோட்டில் தேர்வு என்று பதினேழு வயதுப் பையன் ஏறும் அதே படிகள்தான். பன்னிரண்டாவது மாதம் முடிந்த மறுநாள் காலை அதே கார், அதே ரோடு, அதே நீ. சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் லைசென்ஸ் இல்லாதவள். இன்சூரன்ஸும் கைவிட்டுவிடும். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 300 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் பாயின்ட், வண்டியையும் தூக்கிக்கொண்டு போவார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நானும் "பெறவு பாத்துக்கிடலாம்" கட்சியில்தான் இருந்தேன். 2022 ஜனவரியில் வந்தேன். ப்ரொவிஷனலுக்கு விண்ணப்பித்தது நவம்பரில். நடுவே பத்து மாதம் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள், ஜாலியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். 2023 ஜனவரியில் கார் வாசலில் நின்றுவிட்டது. நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்கு வெளியே. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் ஒன்பது மணிக்கு மேல்தான் வரும், ஷிப்ட் ஏழரைக்கு. இருட்டில், மழையில், சொந்த காரைத் தாண்டி நடந்து போவேன். அந்த வருஷம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் கம்யூனிட்டி நர்ஸ் வேலை ஒன்று வந்தது. சம்பளப் படி ஒன்று கூடுதல், நைட் டியூட்டி கிடையாது. ஃபார்மில் இருந்த ஒரே ஒரு கேள்வியில் நின்றுபோனேன்: இந்த நாட்டு முழு லைசென்ஸ் இருக்கிறதா?

எனக்குக் கோபம் வந்தது. எந்தெந்த நாட்டு லைசென்ஸைத் தேர்வு இல்லாமலே மாற்றித் தருவார்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியா, ஜப்பான், சிங்கப்பூர் இருக்கின்றன, சரி. ஜிம்பாப்வே இருக்கிறது, பார்படோஸ் இருக்கிறது. 2021இல் ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்தார்கள். இந்தியா இல்லை, இலங்கையும் இல்லை. துபாயில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்த மலையாளத் தோழி 43 பவுண்ட் கட்டி, தபாலில் அனுப்பி, லைசென்ஸை மாற்றிக்கொண்டாள். அவளும் நானும் ஒரே வருஷம்தான் ஊரில் வண்டி பழகியவர்கள்.

அப்பாவுக்கு என்னைவிடக் கோபம். "ஏம்மா, தைப்பூசத்துல பழனி ரோட்டுல காவடிக் கூட்டத்துக்கு நடுவுல ஓட்டுனவ நீ. வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானல் வரைக்கும் பஸ்ஸுக்குச் சைடு குடுத்து ஏறுனவ. உனக்கு வெள்ளைக்காரன் என்ன சொல்லித் தரப்போறான்?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிரவு படுத்துக்கொண்டே நான் ஊரில் லைசென்ஸ் வாங்கிய கதையை யோசித்துப் பார்த்தேன். டிரைவிங் ஸ்கூலில் கட்டணத்தோடு "மத்த செலவு" என்று ஒரு தொகை. காலை ஆறு மணிக்கு மைதானத்தில் முப்பது பேர். ஸ்கூட்டருக்கு எட்டுப் போட்டேன், அது மட்டும் நிஜமாகவே நான் போட்டது. காரில் என் பக்கத்தில் மாஸ்டர், அவர் காலுக்குக் கீழே இன்னொரு கிளட்ச், இன்னொரு பிரேக். முன்னால் ஒரு ஐம்பது மீட்டர் போனோம். பிரேக் இன்ஸ்பெக்டர் மரத்தடியில் நின்று போனில் பேசிக்கொண்டே கையைக் காட்டினார். பாஸ். அன்றைக்கு அந்த காரை ஓட்டியது நானா மாஸ்டரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த அட்டையை நீட்டி "இதை நம்பு" என்று இன்னொரு நாட்டிடம் சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. நம் ஊர்க்காரர்கள் இதைப் படித்துக் கோபப்படலாம். ஆனால் கமென்ட் போடுவதற்கு முன் உங்கள் மரத்தடியையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துத் தேர்வுக்கு வருகிறேன். 50 கேள்வி, 43 சரியாக இருக்கவேண்டும். இதில் நம்மவர்களுக்குப் பயமே வேண்டாம், மனப்பாடம் நம் குலத்தொழில். மணிக்கு 30 மைலில் போகும் கார் நிற்க 23 மீட்டர், 70 மைலில் 96 மீட்டர் என்று பாத்திரம் விளக்கிக்கொண்டே சொல்லிவிடலாம். ரோட்டைக் கடக்கும் இடங்களுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர்கள்தான் கொஞ்சம் படுத்தும். பெலிக்கன், பஃபின், டூக்கன், எல்லாம் பறவைப் பெயர்கள். வேடந்தாங்கலுக்கே லைசென்ஸ் எடுக்கிறோமோ என்று தோன்றும். டூக்கன் என்றால் நடப்பவர், சைக்கிள்காரர் ஆக இரண்டு பேரும் கடக்கலாம் என்று அர்த்தமாம். ஆங்கிலத்தில் "டூ கேன்". கண்டுபிடித்தவர் எங்கள் எட்டாம் வகுப்புத் தமிழய்யாவுக்கு உறவாக இருக்கவேண்டும்.

நான் விழுந்தது அடுத்த பாதியில். 14 வீடியோ காட்டுவார்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியும் ரோடு. ஆபத்து உருவாவதைப் பார்த்ததும் மவுஸை அழுத்தவேண்டும், சீக்கிரம் அழுத்தினால் மதிப்பெண் அதிகம். 75க்கு 44 வேண்டும். எனக்கு எல்லாமே ஆபத்தாகத் தெரிந்தது. ஓரத்தில் நிற்கும் வேன், பையை ஆட்டிக்கொண்டு நடக்கும் பிள்ளை, ஒரு நாய். பழனி ரோட்டுக் கண். அழுத்தித் தள்ளிவிட்டேன். கண்டபடி அழுத்தினால் அந்த வீடியோவுக்குப் பூஜ்யம் என்பது விதி. எனக்குக் கிடைத்தது 41. இன்னொரு 23 பவுண்ட் கட்டி இரண்டாம் முறை போனபோது கையைக் கட்டிப்போடப் பழகியிருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. இந்த எழுத்துத் தேர்வை ஒரு காலத்தில் பிரிட்டனில் தமிழில் கேட்டு எழுதலாம். ஹெட்போனைப் போட்டுக்கொண்டால் கேள்வியும் விடையும் தமிழில் வாசிக்கப்படும். ஆங்கிலம் தவிர்த்து இப்படிப் 19 பிறமொழிகளில் குரல் இருந்தது. உருது, பஞ்சாபி, போலிஷ் வரிசையில் தமிழும் ஒன்று. 2014 ஏப்ரல் 7ஆம் தேதியோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆங்கிலமும் வெல்ஷும்தான். தேர்வுக்குத் துணைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர்கள் விடையைச் சொல்லிக்கொடுத்துப் பிடிபட்டார்கள், ஆங்கிலம் தெரியாவிட்டால் ரோட்டில் எழுதியிருப்பது புரியாது, செலவு மிச்சம். அரசு சொன்ன காரணங்கள் இவை.

இது எனக்குத் தெரிந்தது இங்கே எனக்கு வண்டி சொல்லித்தந்த மாஸ்டர் மூலமாக. யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதை நெருங்குகிறவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அகதியாக வந்து, ஒரு கடையின் பின்கட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நாட்களில், அந்தத் தமிழ்க் குரலைக் கேட்டுத்தான் தேர்வில் தேறினாராம். "அது இல்லையெண்டா நான் இண்டைக்கும் மூட்டைதான் இறக்கிக்கொண்டிருப்பன் தங்கச்சி." இப்போது அவரிடம் படித்து லைசென்ஸ் எடுத்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் எத்தனையோ பேர். மொழிபெயர்ப்பாளர் திருடினால் மொழிபெயர்ப்பாளரை நிறுத்து. பதிவுசெய்து வைத்த குரல் யாருக்கு விடை சொல்லும்? கனடாவின் ஒண்டாரியோவில் முதல்கட்ட ஜி1 தேர்வைத் தமிழில் எழுதலாம். அங்கே தமிழர்கள் கார் ஓட்டி ரோடுகள் இடிந்துவிடவில்லை. எனக்கு அந்தக் குரல் தேவைப்படவில்லை. மகன் வேலைக்குப் போனபின் நாலு சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கு வேண்டும்.

அண்ணனோடு முதல் வகுப்பே வேடிக்கை. நான் ஓட்டுகிறேன் என்பேன், அவர் ஓடுறீங்கள் என்பார். காரை நான் ஓட்டுகிறேனா, இல்லை காரோடு நானும் ஓடுகிறேனா? ஒரு மணி நேரம் கழித்து நிறுத்தச் சொன்னார். "தங்கச்சி, நீங்கள் நல்லா ஓடுறீங்கள். ஆனா கண்ணாடி ஒண்டும் பாக்கிறேல்லை." பார்க்கிறேன் அண்ணா, கண்ணை மட்டும் திருப்பிப் பார்க்கிறேன் என்றேன். "நீங்கள் பாத்தது பின்னால இருக்கிற ஆளுக்குத் தெரியோணும். தலையைத் திருப்பி வடிவாப் பாருங்கோ." வடிவு என்றால் எங்களுக்கு அழகு. அவர்களுக்கு வடிவாகப் பார்ப்பது என்றால் நன்றாக, நிதானமாகப் பார்ப்பது. மொத்தம் இருபத்திரண்டு மணி நேரம், மணிக்கு 38 பவுண்ட், இந்த ஒரே வார்த்தைதான் காதில்.

கழற்றிப் போட வேண்டிய பழக்கங்கள் நிறைய. ஊரில் எதிரே வருகிறவன் லைட்டை அடித்தால் "நான் வர்றேன், நீ நில்லு" என்று அர்த்தம். இங்கே குறுகலான தெருவில் லைட் அடித்தால் "நீங்க முதல்ல வாங்க" என்கிறான். (இவர்களின் விதிப்புத்தகப்படி இரண்டுமே தப்பு. நான் இருக்கிறேன் என்று காட்ட மட்டும்தான் அடிக்கவேண்டுமாம்.) முதல் மாதம் ஒருவர் எனக்காக லைட் அடிக்க, நான் நின்றேன். அவரும் நின்றார். ஒரு தோசை வார்க்கும் நேரத்துக்கு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஹாரனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். லாரிக்குப் பின்னால் "ஒலி எழுப்பவும்" என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே நின்றுகொண்டிருக்கும் காரில் ஹாரன் அடிப்பதே குற்றம், ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு வண்டியால் ஆபத்து என்றால் தவிர.

2023 ஜூலையில் ரோட்டுத் தேர்வு. 20 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பரைப் படித்தேன். ரவுண்டபவுட்டுகள் (நம் ஊர் ரவுண்டானா) நாலும் தாண்டினேன். 15 சின்னத் தப்பு வரை மன்னிப்பார்கள், எனக்கு மூன்றுதான். முப்பதாவது நிமிஷம் ஒரு ஜீப்ரா கிராசிங். ஓரத்தில் ஒரு பாட்டி, தள்ளுவண்டிப் பையில் எதையோ தேடிக்கொண்டு, ரோட்டைப் பார்க்கவே இல்லை. இவர் இப்போது இறங்கமாட்டார் என்று கணக்குப் போட்டுத் தாண்டிவிட்டேன். என் கணக்கு சரிதான், அவர் இறங்கவில்லை. ஃபெயில். நான் வந்திறங்கிய அதே மாதம், 2022 ஜனவரி 29 முதல், கடக்கக் காத்திருப்பவருக்கும் வழிவிடவேண்டும் என்று விதியை மாற்றியிருந்தார்கள். மனப்பாடமாக எழுதி மதிப்பெண் வாங்கிய விதி. கால் மட்டும் பழனியிலேயே இருந்தது.

அன்று வண்டிக்குள் அழுதேன். அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த அம்மா உங்கட நோயாளியா இருந்திருந்தா என்ன செய்திருப்பீங்கள்?" வார்டில் என்றால் ஓடிப்போய்க் கையைப் பிடித்திருப்பேன். ஓட்டத் தெரிகிறதா என்று அவர்கள் என்னைச் சோதிக்கவில்லை. அது எனக்குத் தெரியும் என்று முதல் ஐந்து நிமிஷத்திலேயே அந்த அதிகாரிக்குப் புரிந்திருக்கும். ஊரில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் எதிராளி என்ன செய்வான் என்று ஊகித்து இடுக்கில் நுழைவது. இங்கே ஊகிக்காதே, வழி விடு என்கிறார்கள். அப்பா சொன்ன கொடைக்கானல் திறமை பொய்யில்லை, ஆனால் அது வேறு வித்தை.

கோபம் இன்னும் மிச்சமிருப்பது தேர்வுத் தேதி விஷயத்தில்தான். அடுத்த 24 வாரத்துக்குத்தான் தேதி திறப்பார்கள். எங்கள் பக்கத்து மையத்தில் அத்தனையும் நிரம்பியிருக்கும். திங்கள்கிழமை காலை ஆறு மணிக்குப் புதுத் தேதி விழும், வார்டில் கையுறையைக் கழற்றிவிட்டு போனை எடுப்பதற்குள் முடிந்துவிடும். 62 பவுண்ட் தேதியை மொத்தமாக வளைத்துப்போட்டு வாட்ஸாப்பில் சில நூறு பவுண்டுக்கு விற்றார்கள். தியேட்டர் வாசலில் பிளாக் டிக்கெட் விற்றவன் இவர்களிடம் பாடம் படிக்கவேண்டும். எனக்கு அடுத்த தேதி கிடைத்தது டிசம்பரில். பாஸ். இரண்டு சின்னத் தப்பு. விண்ணப்பமும் தேர்வுகளும் 204 பவுண்ட், வகுப்புக்கு 836, ஆக 1,040. கம்யூனிட்டி வேலை அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தது.

ஆகவே தங்கச்சி, பாஸ்போர்ட்டை எடுத்து நீ வந்திறங்கிய தேதியைப் பார். இன்று இரவே ப்ரொவிஷனலுக்குப் போடு, ஆன்லைனில் 34 பவுண்ட். எழுத்துத் தேர்வை இந்த மாதமே முடி, அந்தச் சான்று இரண்டு வருஷம் செல்லும், அது கையில் இருந்தால்தான் ரோட்டுத் தேர்வுக்குத் தேதி கேட்கவே முடியும். 12 மாதம் முடிந்தபின் காரில் எல் போர்டு மாட்டி, பக்கத்தில் ஆள் வைத்துத்தான் ஓட்டவேண்டும். நான் வந்து உட்கார்கிறேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பக்கத்தில் உட்காருகிறவர் முழு லைசென்ஸ் எடுத்து 3 வருஷம் ஆகியிருக்கவேண்டுமாம், ஊரில் நான் ஓட்டிய வருஷங்கள் அந்தக் கணக்கில் சேராது. அண்ணன் நம்பரை இன்பாக்ஸில் போடுகிறேன். காலை ஒன்பதுக்கு முன்னால் கூப்பிடாதே, அவர் அப்போது வகுப்பில் இருப்பார்.