எழுத்தே இல்லாத புத்தகத்துக்கு எதுக்குக் காசு?

போன சனிக்கிழமை எங்கள் தமிழ் வகுப்புக் கமிட்டியில் என்னைக் கேட்ட கேள்விதான் மேலே இருப்பது. இங்கிலீஷில்தான் கேட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் வகுப்புக் கமிட்டி இங்கிலீஷில்தான் நடக்கும், அதை விடுங்கள்.

ஆண்டு விழாப் பரிசுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம். வழக்கம்போல பிளாஸ்டிக் கோப்பை, கூடவே ஒரு நீதிக்கதைப் புத்தகம். இந்த வருஷமாவது நல்ல படப் புத்தகம் கொடுக்கலாமே என்று, நூலகத்தில் எடுத்த ஒன்றை மேசைமேல் வைத்தேன். ஒரு பெரியவர் முன்னும் பின்னும் புரட்டிவிட்டுக் கேட்ட கேள்வி அது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் பதில் தோன்றியது. எனக்கு எப்பவுமே அப்படித்தான்.

அந்தப் புத்தகம் ஜெர்ரி பிங்க்னி வரைந்த ‘தி லயன் அண்ட் தி மவுஸ்’. நம்ம சிங்கமும் எலியும் கதையேதான், நடப்பது மட்டும் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிப் புல்வெளியில். முன்னட்டையில் தலைப்புகூடக் கிடையாது, அட்டை முழுக்கச் சிங்கத்தின் முகம். உள்ளேயும் கதை சொல்ல ஒரு வரி இல்லை. ஆந்தை, எலி, சிங்கம், வேட்டைக்காரர்களின் ஜீப், இவை போடும் சத்தம் மட்டும்தான் அங்கங்கே எழுத்தாக இருக்கும். 2010-இல் இதற்குக் கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. அமெரிக்க நூலகச் சங்கம் 1938-லிருந்து கொடுத்துவரும் பதக்கம் அது, போய்ச் சேருவது ஓவியருக்கு. எழுதுகிறவர்களுக்கு நியூபெரி என்று வேறொன்று 1922-லிருந்தே இருக்கிறது. அதாவது படத்தையும் ‘வாசிக்க’ வேண்டும் என்று ஒத்துக்கொண்டு எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாம்தான் இன்னும் எழுத்தை எண்ணிக் காசு கொடுக்கிறோம்.

இப்போது என் மாமியார் கதைக்கு வருகிறேன். அத்தை மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு அது. அறுபதுகளில் அங்கிருந்தவர்களை, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குக் கிளப்பி அனுப்பியபோது இவரும் வந்தார். 1860-இல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு முதல் கப்பலான ட்ரூரோ இங்கே வந்ததிலிருந்து கணக்குப் போட்டால் எத்தனையாவது தலைமுறை என்று அவருக்கே தெரியாது. நான் நெல்லையிலிருந்து இந்த வீட்டுக்கு வந்து பதினொரு வருஷம். அத்தையிடம் தமிழ் உண்டு, ஆனால் எல்லாம் பெயர்கள். கத்திரிக்காய், புளி, கருவேப்பிலை, விபூதி, காவடி, கஞ்சி. வினைச்சொல் என்று பார்த்தால் வா, போ, உக்காரு, சாப்பிடு. அதற்குமேல் இங்கிலீஷ்.

ஒரு மழைநாள் சாயங்காலம் மகன் இந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு “ஆயா, படி” என்று அவர் மடியில் ஏறினான். ஐந்து வயது அவனுக்கு. வேறு புத்தகமென்றால் அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இங்கிலீஷில் கடகடவென்று வாசித்துவிடுவார். இதில் வாசிக்க ஒன்றுமில்லை, சொந்தமாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். இங்கிலீஷில்தான் ஆரம்பித்தார். சிங்கம் வலையில் மாட்டிக்கொள்ளும் இடம் வந்தது. எலி கயிற்றில் ஏறிப் பல்லை வைக்கிறது. அத்தை நிறுத்திவிட்டார். படத்தின்மேல் விரல் அப்படியே நிற்கிறது. வாய் எதையோ தேடுகிறது. “கொறி… கொறிக்கிது. எலி கயித்தக் கொறிக்கிது ராஜா.”

நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். இந்த வார்த்தையைப் பதினொரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. யார் சொன்னது என்று கேட்டேன். அவங்க ஆயா சொல்லுமாம், அரிசி மூட்டையைப் பார்த்து. அதற்கடுத்து “பதுங்குது” வந்தது. “திமிறுது” வர இரண்டு நாள் ஆனது.

இங்கே நம் வகுப்புகளில் என்ன நடக்கிறது? அ அம்மா, ஆ ஆடு, இ இலை. சுவரெல்லாம் பெயர்ச்சொல். அந்த ஆடு மேயாது, முட்டாது, ஓடாது, சும்மா நிற்கும். நல்ல படப் புத்தகத்தில் எதுவும் சும்மா நிற்பதில்லை. ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கும், அதைச் சொல்ல வினைச்சொல் இல்லாமல் முடியாது. போதாக்குறைக்கு நம்மிடம் ஒலிமரபு வேறு இருக்கிறது. ஆந்தை அலறும், குயில் கூவும், சிங்கம் முழங்கும் என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு நெட்டுருப் போட்டோமே, அதற்கு இதைவிட நல்ல இடம் எது? சத்தம் மட்டுமே அச்சடித்த புத்தகம் இது!

விருது வாங்கியதெல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். சென்னை தாரா புக்ஸ் வெளியிட்ட, கோண்ட் பழங்குடி ஓவியர்கள் மரங்களை வரைந்த புத்தகம் 2008-இல் இத்தாலியின் போலோக்னா குழந்தைகள் புத்தகக் கண்காட்சியில் பரிசு வாங்கியது. கறுப்புத் தாளில் கையாலேயே சில்க்ஸ்கிரீன் அச்சு. நான் அதிலேயே கிறங்கிக் கிடந்தேன். என் மகன் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். எழுத்தில்லாத புத்தகம் எழுத்தைக் கற்றுக்கொடுக்காது என்பதும் சரி, அந்தப் பெரியவர் பேச்சில் அவ்வளவு நியாயம் உண்டு.

ஆனால் காசு என்றால் எனக்குக் கோபம் வரும். இறக்குமதிப் புத்தகம் விலைதான், போதாததற்கு இந்த நாட்டில் புத்தகத்துக்கும் 15 சதவீதம் வாட். சரி, அதை வாங்க வேண்டாம். கேப் டவுனில் புக் டாஷ் என்று 2014-லிருந்து ஓர் அமைப்பு இருக்கிறது. எழுதுகிறவர், வரைகிறவர், வடிவமைப்பவர் என்று தன்னார்வலர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரே நாளில் ஒரு படப் புத்தகத்தை முடிக்கிறார்கள். உரிமம் திறந்தது. யாரும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம், மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம். பல மொழிகளில் பிள்ளைகளை வாசிக்க வைத்ததற்காக இதே கேப் டவுனின் ப்ரேசா அமைப்புக்கு 2015-இல் குழந்தை இலக்கியத்துக்கான ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் நினைவு விருது கிடைத்தது, 50 லட்சம் ஸ்வீடன் குரோனர். கல்வியாளர் நெவில் அலெக்சாண்டர் 1992-இல் தொடங்கிய அமைப்பு அது. இவ்வளவும் நம் நாட்டிலேயே இருக்க, நாம் பிளாஸ்டிக் கோப்பைக்குக் கொட்டேஷன் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு அத்தையும் வருகிறார். வாதாடுவதற்கு இல்லை, அந்தப் பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டுவதற்கு.

வீட்டில் ஒரு வழக்கு மட்டும் தீரவில்லை. ஆந்தைக்கும் சிங்கத்துக்கும் ஒலிமரபு இருக்கிறது, ஜீப்புக்கு என்ன? “உறுமுது” என்கிறேன் நான். “அது சிங்கத்துக்கு மா, வண்டி தடதடன்னு வருது” என்கிறார் அத்தை. தெரிந்தவர்கள் கமென்டில் சொல்லுங்கள்.