இதழ் எண்ணிக்கையைத் தருவது பற்கள், ஓட்டை அல்ல
ஸ்பைரோகிராஃப் என்பது பல் வைத்த வளையத்துக்குள் ஓட்டைகள் உள்ள பல் சக்கரத்தைப் பேனாவால் உருட்டி, பூ போன்ற வடிவம் வரையும் கருவி. அதில் பேனா வைக்கும் ஓட்டையை மாற்றினால் இதழ்களின் எண்ணிக்கை மாறும் என்று ஒரு கருத்து. மாறுவது வளைவின் ஆழம் மட்டும்தாங்க. எண்ணிக்கை பற்களால் வருவது. வளையத்தின் உட்பற்கள் 96, சக்கரத்தில் 36 என்றால் மீப்பெரு பொது வகுத்தி 12. 96-ஐ 12-ஆல் வகுக்க, 8 இதழ். அதே வளையத்தில் 30 பல் சக்கரம் போட்டால் 16 (பள்ளிக்கூட மீ.பொ.வ.வுக்கு இப்படியும் ஒரு பயன்!).

சோதிப்பது எளிது. 36-ஐ விளிம்போர ஓட்டையில் சிவப்பிலும், நடுவாந்தர ஓட்டையில் நீலத்திலும் ஓட்டுங்கள். வளையத்தை 3 முறை சுற்றியதும் கோடு தொடங்கிய இடத்தில் சேரும். சிவப்பில் முனை கூர்மையாகவும் நீலத்தில் மழுங்கியும் இருக்கும். எண்ணினால் இரண்டிலும் 8. கோடு சேரவில்லையா? நடுவில் பல் வழுக்கியிருக்கும். பேனாவை வளையத்தின் பக்கமாக லேசாகத் தள்ளியபடி ஓட்டினால் வழுக்காது.