ஷெல் பழசு, ஸ்டாண்ட் புதுசு

1960களில் செய்த டிரம் கிட்டை இன்றைக்கும் மேடைக்குக் கொண்டு போகலாமா, இல்லை புதிய கிட் ஒன்றை வாங்கி நிம்மதியாக இருப்பதா? டிரம்மர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷெல், அதாவது டிரம்மின் உருளை உடல், பழசாக இருக்கட்டும், ஸ்டாண்டும் பெடலும் புதுசாக இருக்கட்டும். நான் அப்படித்தான் வாசிக்கிறேன். மைக் இல்லாத சின்ன அரங்குகளில் இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கேட்டதில்லை.

அறுபதுகளில் அமெரிக்காவின் லுட்விக் கம்பெனி செய்த டிரம் ஒன்றின் உள்ளே எட்டிப் பாருங்கள். மூன்றே அடுக்கு மரம். நடுவில் பாப்லர், இருபுறமும் மேப்பிள் அல்லது மஹோகனி. மெல்லிய ஷெல் வட்டம் குலையாமல் இருக்க, மேலும் கீழும் உட்புறமாக ஒரு மர வளையம். ஹெட், அதாவது அடிபடும் தோல், உட்காரும் விளிம்பை உருண்டையாக இழைத்திருப்பார்கள். இப்போதைய கிட்களில் பெரும்பாலும் ஆறு, எட்டு அடுக்கு; விளிம்பு 45 டிகிரியில் கூராக இருக்கும். கூரான விளிம்பில் ஹெட் மெல்லிய கோடாகத்தான் படுகிறது. அதனால் நாதம் நீள்கிறது, குச்சி விழும் சத்தம் தெளிவாக வெட்டிக்கொண்டு வருகிறது. உருண்டை விளிம்பில் ஹெட் மரத்தோடு அதிகம் ஒட்டுகிறது. ஒலி சீக்கிரம் அடங்குகிறது, கீழ்ச்சுரம் முன்னால் வந்து நிற்கிறது.

அளவும் மாறிவிட்டது. அப்போதெல்லாம் காலால் வாசிக்கும் பெரிய டிரம்மான பேஸ் டிரம் 22 இன்ச் என்றால், அதற்கு ஆழம் பொதுவாக 14 இன்ச். இப்போது 18, 20 என்று போய்விட்டது. ஆழம் குறைவாக இருந்தால் கால் அழுந்திய உடனே முன்பக்க ஹெட் பதில் சொல்லிவிடும். மெதுவான பாட்டு ஒன்றில் பாடுகிறவர் மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்த வரிக்கு வருகிறார். பெடலில் இருக்கும் அடிகோலான பீட்டரால் லேசாகத் தொட்டால் போதும், ‘தும்’ என்று முழுசாக வந்து விழும். ஆழமான பேஸ் டிரம்மில் அதே தொடுதலுக்குப் பாதி ஒலிதான் எனக்குக் கிடைக்கிறது, உதைத்துத்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது. பழைய கிட்டை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான். டிரம்மர் சத்தத்தைக் குறைத்தால் கிட்டாரிஸ்ட்டும் ஆம்ப்பைக் குறைக்கிறார். பாடுகிறவர் கத்த வேண்டியதில்லை. பாட்டின் சொற்கள் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேருகின்றன.

அதற்காக, அந்தக் காலத்து மரம், அந்தக் காலத்துக் கைராசி என்று பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். பழசு என்பதாலேயே ஒரு டிரம் நன்றாக ஒலித்துவிடாது. விளிம்பு கோணலாக இருந்தால் எவ்வளவு ட்யூன் செய்தாலும் சுருதி நிற்காது. வாங்கப் போகும்போது ஹெட்டைக் கழற்றி, ஷெல்லைச் சமமான கண்ணாடி மேசை மீது நிறுத்தி, அறை விளக்கை அணைத்துவிட்டு உள்ளே டார்ச் அடியுங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே பள்ளம். அப்புறம் புது ஹெட் ஒன்றை மேலே வைத்து விரலால் சுழற்றுங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும். சில பழைய ஷெல்கள் மயிரிழை பெரிதாக இருக்கும். ஹெட் அதில் இறுகிப் பிடித்துக்கொண்டால் ட்யூனிங் சரியாக வராது. பிரிட்டனின் பிரீமியர் கம்பெனியுடைய பழைய டிரம்கள் சிலவற்றின் அளவே வேறு, இன்றைய சாதாரண ஹெட் பொருந்தாது.

பழைய டிரம்மில் பிளாஸ்டிக் ஹெட் போடக்கூடாது என்கிற வாதமும் எனக்குப் புரியவில்லை. அமெரிக்க டிரம்மர்களான சிக் எவன்ஸும் ரெமோ பெல்லியும் 1950களின் பிற்பாதியிலேயே அதைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கு முன்பு இருந்தது கன்றுத்தோல். ஈரக் காற்றில் தொய்யும், வெயிலில் இறுகும். அந்த அவஸ்தையை மேடையில் யார் படுவது?

ஸ்டாண்ட், பெடல் மாதிரி இரும்புச் சாமான் விஷயத்தில் எனக்குப் பழமைப் பாசம் துளியும் கிடையாது. ஒரு நிகழ்ச்சியில் பாட்டு நடுவிலேயே, பழைய தாங்கியில் மாட்டியிருந்த டாம் (பேஸ் டிரம்முக்கு மேலே நிற்கும் சின்ன டிரம்) கொஞ்சம் கொஞ்சமாகத் தலை கவிழ்ந்து, மடிக்கு முன்னால் இருக்கும் ஸ்னேர் டிரம் மேல் சாய்ந்தது. இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டு, வலது கை ஒன்றை வைத்தே மீதிப் பாட்டை ஓட்டினேன். பழைய பேஸ் டிரம்மின் மெல்லிய கால்களும் அப்படித்தான், ஒவ்வொரு உதைக்கும் கிட் முன்னால் நகரும். இன்றைய ஸ்டாண்ட்களில் இரட்டைக் கால், நட்டு நழுவாமல் பிடிக்கும் மெமரி லாக், தரையில் ஊன்றும் முள். இதையெல்லாம் வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும்? டாமைச் சுற்றிப் பிடித்துத் தாங்கும் ரிம்ஸ் வகை மவுண்ட் இருந்தால், பழைய டாமில் ஓட்டை போடாமலே புது ஸ்டாண்டில் தொங்கவிடலாம். அதுவும் இல்லையா, டாமை ஸ்னேர் ஸ்டாண்ட் மேல் உட்கார வைத்துவிடுங்கள். ஷெல்லில் டிரில் வைப்பதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. போட்ட ஓட்டை போட்டதுதான். (பழைய இரும்புச் சாமானில், கால்கள் தரையோடு படிந்து நிற்கும் தட்டைக் கால் சிம்பல் ஸ்டாண்டுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. எடையே தெரியாது, மாடிப்படி ஏறும்போது அதன் அருமை புரியும்.)

திறந்தவெளியில் பெரிய மேடை, ஒவ்வொரு டிரம்முக்கும் தனி மைக் என்றால் புது கிட்டையே கொண்டு போங்கள். கூட்டத்துக்குக் கேட்பதில் பெரும்பங்கு ஹெட், மைக், இன்ஜினியரின் கை. சவுண்ட் இன்ஜினியர் மைக்கை உள்ளே வைக்க பேஸ் டிரம்மின் முன் ஹெட்டில் ஓட்டை கேட்பார், கேட்பதும் நியாயம். பழைய கிட்தான் வேண்டுமென்றால், லோகோ போட்ட பழைய ஹெட்டை வீட்டில் வைத்துவிட்டு, ஓட்டையுள்ள வேறொன்றை மாட்டுங்கள். மைக் வைத்தால் இன்னொரு தொல்லையும் வெளியே வரும். ஹெட்டை இறுக்கும் திருகாணிகள் நுழையும் லக்குகள் ஷெல்லின் பக்கவாட்டில் இருக்கும்; பழைய லக்குகளுக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கும், ஒவ்வொரு அடிக்கும் அது முனகும். சின்ன ஃபெல்ட் துண்டைச் சுற்றி வைத்தால் அடங்கிவிடும்.

பழைய கிட்டை வாங்கி மேடைப் பக்கமே காட்டாமல் பூட்டி வைத்திருப்பவர்களைப் பார்த்தால்தான் மனசு கேட்கவில்லை. 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் ஷோவில் பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் வாசித்தது 20 இன்ச் பேஸ் டிரம் உள்ள ஒரு லுட்விக் கிட். அதைப் பார்த்துவிட்டு ஆர்டர்கள் குவிந்தன, தொழிற்சாலை இரவு பகலாக ஓடியது. அப்படிச் செய்து வந்தவை எல்லாம் அடித்து வாசிப்பதற்கென்றே செய்தவை. நல்ல உறையில் போடுங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள், ஷெல் மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையான ராப் சுருங்கி ஓரத்தில் பிளந்துகொள்ளும். மற்றபடி தாராளமாக வாசிக்கலாம்.

பல குழுக்கள் ஒரே கிட்டில் வாசிக்கும் நிகழ்ச்சி என்றால் மட்டும் நான் ஷெல்களை எடுத்துப் போவதில்லை. சிம்பல், பெடல், ஒரு பழைய அலுமினிய ஸ்னேர், அவ்வளவுதான். அந்த ஸ்னேரின் குரோமில் வயதுக்கேற்ற புள்ளிகள் விழுந்திருக்கின்றன. ஒலிக்கு ஒரு குறையும் இல்லை.