லைசென்ஸ் கொடுத்தவனை விட்டுட்டு வீடு வாங்கினவங்களைப் பாத்து சிரிக்கிறீங்களே

ஸ்பெயின்ல வீடு வாங்கி, அந்த வீட்டோட லைசென்ஸ் செல்லாதுன்னு மாட்டிக்கிட்ட வயசான பிரிட்டிஷ்காரங்களைப் பாத்து முட்டாள்னு சிரிச்சு ஒரு தமிழ்க்காரர் வீடியோ போட்டிருக்கார், அதைப் பத்தி எழுதவே கூடாதுன்னு தான் இருந்தேன். ஞாயித்துக்கிழமையில இருந்து அதை எனக்கு ஃபார்வர்டு பண்ணாத ஆளே கிடையாது, “அக்கா இது உங்க ஊர் தானே”, “ஏய் உங்க பக்கத்து வீடா இது”ன்னு கூடவே விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை வேற. ஆமாங்க எங்க ஊர் தான். தெற்கு ஸ்பெயின், அல்மேரியா மாகாணம், அல்மான்சோரா பள்ளத்தாக்கு. நீங்க சிரிச்சீங்களே அந்த வயசான அம்மா, அவங்க வீடு எங்க வீட்டுல இருந்து கூப்பிடு தூரம். அந்த வீடியோவை அவங்ககிட்ட யாரும் காட்டிடக்கூடாதுன்னு தான் எனக்கு பயம். தமிழ் புரியாது, ஆனா தன் வீட்டு கேட்டை தெரியாமலா போயிடும்?

முதல்ல ஒண்ணு. புறம்போக்குல வீடு கட்டினாங்கன்னு வீடியோ போட்ட அந்த சார் ரொம்ப கூலா சொல்றார். புறம்போக்கு இல்லைங்க. அவங்க பேர்ல ரிஜிஸ்டர் ஆன சொந்த நிலம். பத்திரம் இருக்கு, எஸ்கிரிதூரான்னு சொல்லுவாங்க. வீடு கட்டறதுக்கு டவுன்ஹால் கொடுத்த லைசென்ஸ் இருக்கு. புது வீட்டுக்கு அப்ப 7 சதவீதம் ஐவிஏ, அதாவது இங்கத்த விற்பனை வரி, அதை கட்டின ரசீது இருக்கு. வருஷா வருஷம் வீட்டுவரி, ஐபிஐ, அதை ஒரு வருஷம் கூட விடல, அதுக்கும் ரசீது இருக்கு. எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு ரிங் பைண்டர்ல வரிசையா கோத்து வெச்சிருக்காங்க, ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி லீட்ஸ் பக்கம் ஸ்கூல் சமையலறையில வேலை பாத்தவங்க, கணக்கு அப்படி சுத்தம். இவங்களைத் தான் முட்டாள்னு சொல்றீங்க.

நடந்தது என்னன்னா, 2008க்கு முன்னாடி ஸ்பெயின் முழுக்க ஒரே கட்டட வெறி. இங்க இருக்கிற சின்ன சின்ன டவுன்ஹாலுக்கெல்லாம் லைசென்ஸ் கட்டணம்னா தேனா இனிச்ச காலம். ஆல்பாக்ஸ், ஆர்போலியாஸ், சுர்ஹேனான்னு இந்தப் பக்கத்து ஊர்கள்ல பாதாம் தோப்பு நடுவுல எல்லாம் வெள்ளை வெள்ளையா வீடு முளைச்சுது. நிலம் ருஸ்டிகோ, அதாவது விவசாய நிலம், அதுல சாதாரணமா வீடு கட்டக்கூடாது. அது ஏஜென்ட்டுக்கு தெரியும். பில்டருக்கு தெரியும். லைசென்ஸ்ல கையெழுத்து போட்ட மேயருக்கு ரொம்ப நல்லாவே தெரியும். யாருக்கு தெரியாதுன்னா, பென்ஷன் பணத்தை எடுத்துட்டு மொழி தெரியாம வந்து இறங்கினவங்களுக்கு. பணம் எல்லாம் கைமாறி வருஷங்கள் கழிச்சு மாநில அரசு வந்து சொல்லுது, அந்த லைசென்ஸ் செல்லாது, டவுன்ஹாலுக்கு அதை கொடுக்க அதிகாரமே இல்லன்னு. சரி. கொடுத்தவனை போய் கேளுங்க. வாங்கினவங்களை ஏன் கேக்குறீங்க?

“வக்கீல் வெச்சு பாத்திருக்கணும்”னு வீடியோவுக்குக் கீழ கமெண்ட்ல ஒருத்தர் ஞானம் சொல்லியிருக்கார். வெச்சாங்க சார். ஏஜென்ட் அறிமுகப்படுத்தின வக்கீல், ஏஜென்ட் ஆபீசுக்கு மேல் மாடியிலேயே உக்காந்திருந்தவர். அப்புறம் நோட்டரி. இங்க தான் இங்கிலாந்துல இருந்து வர்றவங்க எல்லாருமே விழுவாங்க. அங்க வீடு வாங்கினா சாலிசிட்டர் கவுன்சிலுக்கு எழுதி சர்ச் போட்டு, அந்த இடத்துல பிளானிங் பிரச்சனை ஏதாவது இருக்கான்னு பாத்து சொல்லுவார். இங்க நோட்டரின்னா அரசாங்கமே நியமிச்ச பெரிய அதிகாரி, கோட்டு சூட்டு போட்டு உக்காந்து பத்திரத்தை வரி வரியா படிப்பார், ஆனா அவர் வேலை ஆள் சரியான ஆளா, பத்திரம் ஒழுங்கா இருக்கா, பணம் எப்படி போச்சுன்னு பாக்கறது. டவுன்ஹால் கொடுத்த லைசென்ஸ் நாளைக்கு கோர்ட்டுல நிக்குமான்னு அவர் உத்தரவாதம் கொடுக்கறதில்ல. அவ்வளவு பெரிய மனுஷன் முன்னாடி கையெழுத்து போட்டா எல்லாம் சரியா தான் இருக்கும்னு நம்பறது முட்டாள்தனமா? நீங்க நம்பமாட்டீங்களா? ஒவ்வொரு முத்திரையையும் சந்தேகப்பட்டுத் தான் இது வரைக்கும் வாழ்ந்தீங்களா?

இதுல வீடியோக்காரர் சொல்லாம விட்டது ஒண்ணு. ஆண்டலூசியாவுல, அதாவது எங்க மாநிலத்துல, இந்த மாதிரி ஒழுங்குமுறைக்கு வெளிய நிக்கிற வீடு 3 லட்சத்துக்கு மேல. பெரும்பாலானது ஸ்பெயின்காரங்களோடது. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வந்து பார்பெக்யூ போட கட்டின தோட்ட வீடு, அண்ணன் தம்பி பிரிச்சுக்கிட்ட நிலத்துல கட்டின வீடு. இந்தப் பள்ளத்தாக்குல மட்டும் 12,000க்கு மேல. அப்ப அத்தனை பேரும் முட்டாளா? இதே மாநிலத்துல இருக்கிற மார்பெயா நகரத்துல 2006ல ஊழல் முத்திப்போய் மொத்த நகராட்சியையே மத்திய அரசு கலைச்சுது, அங்க லைசென்ஸ் வாங்கின ஜனங்க எல்லாம் ஏமாளிங்கன்னு யாராவது வீடியோ போட்டாங்களா?

சரி, அந்த வீட்டுல வாழறது எப்படின்னு சொல்றேன், அப்புறம் சிரிங்க. அப்ப எல்லாம் குடியேறலாம்னு டவுன்ஹால் ஒரு சான்றிதழ் கொடுக்கணும், அது கிடைக்கல, அது இல்லாம கரண்ட் கம்பெனி வீட்டு இணைப்பு கொடுக்கல. அதனால கட்டடம் கட்டும்போது கான்கிரீட் மிக்சர் ஓட்டறதுக்குன்னு கொடுத்த தற்காலிக லைன்லயே வருஷக்கணக்கா இருந்தாங்க. இங்க எத்தனை கிலோவாட்னு ஒப்பந்தம் போட்டிருக்கோமோ அதுக்கு மேல இழுத்தா மெயின் டப்புன்னு விழுந்துடும். பிரிட்டிஷ் கெட்டில் ஒண்ணே 3 கிலோவாட். அந்த அம்மா டீ போடணும்னா முதல்ல ஹீட்டரை அணைப்பாங்க, வாஷிங் மெஷின் ஓடுதான்னு பாப்பாங்க, “டீ!”ன்னு ஒரு சத்தம் கொடுப்பாங்க, அவங்க வீட்டுக்காரர் உள்ள இருந்து “ஓகே”ன்னு டிவியை அணைப்பார், அப்புறம் தான் கெட்டில் சுவிட்ச். வெளிய இருந்து பாத்தா சிரிப்பா தான் இருக்கும். முதல் தடவை பாத்தப்ப நானும் சிரிச்சேன், அவங்களும் சிரிச்சாங்க. பிப்ரவரியில வீட்டுக்குள்ள 12 டிகிரி இருக்கும்போது அந்த சிரிப்பு வராது. (ஸ்பெயின்னா வெயில்னு நினைக்கிறவங்களுக்கு: டைல்ஸ் தரை, சென்ட்ரல் ஹீட்டிங் கிடையாது, பாலைவன குளிர். நான் இட்லி மாவை கம்பளியில சுத்தி கட்டில்ல படுக்க வெச்சிருக்கேன்.) தண்ணி டேங்கர்ல. கேஸ் ஆரஞ்சு கலர் சிலிண்டர், 12.5 கிலோ, நம்ம ஊர் சிலிண்டரை விட கொஞ்சம் சின்னது, ஆனா எழுபது வயசுல படியேத்தறது யாரு?

வேரான்னு ஒரு ஊர், இங்கிருந்து கடற்கரைப் பக்கம். 2008 ஜனவரி 9ம் தேதி அங்க ஒரு ரிட்டயர்டு பிரிட்டிஷ் தம்பதி வீட்டை புல்டோசர் வெச்சு இடிச்சாங்க. அவங்ககிட்டயும் டவுன்ஹால் லைசென்ஸ் இருந்துச்சு. வீடு போச்சு, கராஜ் மட்டும் மிச்சம், அந்த கராஜ்லயே குடியிருந்து நஷ்டஈட்டுக்கு வருஷக்கணக்கா அலைஞ்சாங்க. அன்னைக்கு இந்தப் பள்ளத்தாக்குல ஒரு வீட்டுலயும் யாரும் தூங்கியிருக்க மாட்டாங்க. அதுக்கப்புறம் இந்த “வெயிலுக்கு ஆசைப்பட்ட கிழடுங்க” தான் சங்கம் சேந்து, பதாகை பிடிச்சு, தப்புத்தப்பா ஸ்பானிஷ் பேசி, கட்சிக்காரன் ஒருத்தன் விடாம கதவைத் தட்டினாங்க. 2015ல தேசிய சட்டமே மாறிச்சு, நல்லெண்ணத்தோட வாங்கினவங்களுக்கு நஷ்டஈட்டுக்கு உத்தரவாதம் இருக்கான்னு கோர்ட் பாத்துட்டுத் தான் இடிக்கணும்னு. 2019ல ஆண்டலூசியா அரசு ஒரு ஆணை போட்டு இந்த வீடுகளை வகைப்படுத்தி அங்கீகரிக்க வழி திறந்துச்சு, ஆஃபோன்னு சுருக்கமா சொல்லுவோம். வீடு முழு சட்டபூர்வம் ஆகிடாது, ஆனா கரண்ட் தண்ணி முறையா வாங்கலாம், நிம்மதியா விக்கலாம். அதனால லாபம் அடைஞ்சது முக்கால்வாசி ஸ்பெயின்காரங்க. முட்டாளுங்க செஞ்ச வேலைங்க இது.

“சட்டம்னா சட்டம் தானே, தப்பான இடத்துல கட்டினா இடிக்கத்தானே செய்வாங்க.” சரி, ஒத்துக்கறேன், ஆத்துப் படுகையில கட்டின வீட்டை எல்லாம் நான் ஆதரிக்கல. இங்க ரம்ப்லான்னு காஞ்சுபோன ஓடைங்க இருக்கு, வருஷம் முழுக்க மண்ணு தான், 2012 செப்டம்பர்ல ஒரே மழையில வேரா, புல்பி பக்கம் கார் வீடு எல்லாத்தையும் வாரிட்டுப் போச்சு. அங்க கட்டினதை எடுக்கணும். யாரு வேண்டாம்னா? ஆனா இந்த சட்டப் பாடத்தை லண்டன்ல இருக்கிற நீங்க எனக்கு எடுக்காதீங்க. நானும் ஈஸ்ட் ஹாம்ல குப்பை கொட்டினவ தான். தோட்டத்து ஷெட்டுல ஒரு ஹீட்டரும் மெத்தையும் போட்டு மாச வாடகைக்கு விட்டவங்க யார் யார்னு எனக்கு தெரியும், உங்களுக்கும் தெரியும். 2013ல லண்டன் பக்கத்துல ஸ்லவ் ஊர் கவுன்சில் விமானத்துல தெர்மல் கேமரா கட்டி பறக்கவிட்டு எந்தெந்த ஷெட்டுல ஆள் தூங்குதுன்னு தேடினாங்களே, அப்ப நம்ம ஆளுங்க “பாவம்யா, லோன் கட்டணும்ல, வேற என்ன செய்வாங்க”ன்னு தானே பேசிக்கிட்டோம்? அப்ப எங்க போச்சு இந்த சட்டம்? இத்தனைக்கும் ஷெட்டுக்காரங்க தெரிஞ்சே செஞ்சது. இவங்க லைசென்ஸ் வாங்கி செஞ்சது. லைசென்ஸ் வாங்கி. இன்னொரு தடவை சொல்லவா?

“பிரெக்ஸிட்டுக்கு ஓட்டுப் போட்டவங்க தானே, அனுபவிக்கட்டும்.” இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கமெண்ட். 15 வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்த பிரிட்டிஷ்காரங்களுக்கு 2016ல ஓட்டே கிடையாது, அந்த விதியை எடுத்ததே 2024ல தான். பக்கத்து வீட்டுத் தாத்தா ஓட்டு போட்டாரா, எதுக்கு போட்டார்னு நான் கேட்டதில்ல, கேக்கவும் மாட்டேன். செப்டிக் டேங்க் ரொம்பி வழியும்போது யார் எதுக்கு ஓட்டு போட்டாங்கன்னு கேட்டுட்டா மண்வெட்டியைக் கொடுப்பாங்க?

“வெள்ளைக்காரன் நம்மளை 200 வருஷம் ஆண்டான்”க்கு எல்லாம் நான் பதில் சொல்லப்போறதில்ல. அந்த தாத்தா பஸ் ஓட்டினவர். கிளைவ் இல்ல.

ஒண்ணு மட்டும் புரியவே இல்ல. எங்க கையிலயும் அதே பாஸ்போர்ட் தான் இருக்கு. நாங்க வந்ததும் அதே காரணத்துக்கு தான், லண்டன் விலையில வயசான காலத்துக்கு ஒரு வீடுன்னு நினைச்சே பாக்க முடியல. நாங்க வாங்கினது பழைய கோர்த்திஹோ, அந்தக் காலத்து பண்ணை வீடு, கல்லும் மண்ணும் வெச்ச சுவர், கை நீட்டினா அந்தப் பக்கம் எட்டாது, கூரையில நாணல். கூரை மாத்த ஆர்க்கிடெக்ட் வரைபடம், டவுன்ஹால் அனுமதி, ஸ்கேஃபோல்டிங், எங்க வீட்டுக்காரர் வேலையாளுங்களோட நின்னு நாணலை இறக்கினப்ப அதுக்குள்ள எத்தனை வருஷத்து தூசின்னு தெரியல, ஒரு வாரம் கறுப்பா இருமினார். அந்த வாரம் தினமும் சூப் கொண்டு வந்து கொடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? ஆகஸ்ட் ஆனா “அண்ணி, டிக்கெட் போட்டாச்சு, ஏர்போர்ட் வருவீங்கள்ல”ன்னு மெசேஜ் அனுப்பறவங்க இல்ல. அந்தம்மா தான்.

ஆகஸ்ட்ல வர்றவங்க மாடியில உக்காந்து போட்டோ எடுப்பாங்க, “சொர்க்கம் அண்ணி”ம்பாங்க, ஏசியும் கெட்டிலும் சேத்து போட்டு மெயினை விழ வெச்சுட்டு “என்ன அண்ணி இது, ஊர்ல கூட இப்படி இல்லையே”ம்பாங்க. அதே ஆளுங்க நாலு நாள் முன்னாடி அந்த வீடியோவுக்குக் கீழ சிரிக்கிறாங்க. நான் பாக்கலைன்னு நினைச்சுட்டீங்களா? அந்த வீடியோவுல “இந்தப் பைத்தியக்காரங்க”ன்னு சொன்னப்ப என்னையும் சேத்து தான் சொன்னார், நீங்களும் என்னையும் சேத்து தான் சிரிச்சீங்க. அதைக் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்.

நேத்து ஊர்ல இருந்து போன் வேற, எல்லாத்தையும் வித்துட்டு லண்டனுக்கே திரும்பிடுங்கன்னு. யாருக்கு விக்கறது? இப்ப இங்கிலாந்துல இருந்து புதுசா வாங்க வர்றவங்க விசா இல்லாம 180 நாளுக்கு 90 நாள் தான் தங்கலாம். அதுவும் போக, எதுக்கு விக்கணும்? காலையில கதவைத் திறந்தா பாதாம் மரம். விக்கல. கேட்டதுக்கு பதில் சொல்லிட்டேன்.

நாளைக்கு பத்து மணிக்கு பக்கத்து வீட்டுக்கு டவுன்ஹால்ல இருந்து ஆள் வர்றாங்க, ஆஃபோ விஷயமா, புது செப்டிக் டேங்க்கைப் பாக்கறதுக்கு. மொழிபெயர்க்க நான் போறேன், அந்தம்மா இன்னைக்கே ரிங் பைண்டரை கொண்டு வந்து என் மேசையில வெச்சுட்டாங்க. அதனால கமெண்ட்டுக்கு எல்லாம் சாயங்காலம் வரைக்கும் பதில் வராது. அதுக்குள்ள யாராவது லைசென்ஸ் கொடுத்த மேயரைத் திட்டி ஒரு வீடியோ போட்டா எனக்கு ஃபார்வர்டு பண்ணுங்க, அதை நானே நாலு குரூப்ல போடறேன்.