லூசிண்டா வில்லியம்ஸ் ஆல்பம் பத்தி ஒரு சின்ன திருத்தம்

மேல ஒருத்தர் 'கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோடு' தான் அமெரிக்க பாடகி லூசிண்டா வில்லியம்ஸோட முதல் ஆல்பம், முழுக்க ஒரே காதல் தோல்விய வச்சு எழுதினதுன்னு போட்டிருக்கார், ரெண்டுமே தப்புங்க. 1998ல வந்த இது அவங்களோட அஞ்சாவது ஆல்பம், முதல் ஆல்பம் 1979லயே வந்துடுச்சு, இது வர்றப்ப அவங்களுக்கு 45 வயசு. காதல் பாட்டு நிறைய இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா 'டிரங்கன் ஏஞ்சல்' அமெரிக்காவுல ஆஸ்டின் நகரத்துல 1989ல சுட்டுக் கொல்லப்பட்ட பாடகர் பிளேஸ் ஃபோலிய பத்தினது, 'லேக் சார்ல்ஸ்' பழைய காதலர பத்தினது தான் ஆனா பிரிஞ்ச கோபம் இல்ல, அவர் செத்ததுக்கு அழுற பாட்டு. டைட்டில் பாட்டுல காதலே கிடையாது, கார் பின்சீட்ல உக்காந்து பெரியவங்க பேசுறத கேட்டுட்டு வர்ற ஒரு குழந்தை, அவ்வளவு தான், அந்தக் குழந்தை லூசிண்டா தான்னு புரிஞ்சு அவங்க அப்பா, கவிஞர் மில்லர் வில்லியம்ஸ், மககிட்ட மன்னிப்பு கேட்டாராம் (எனக்கு இப்பவும் அந்த இடம் வந்தா தொண்டை அடைக்கும்). அப்புறம் 'கான்ட் லெட் கோ' அவங்க எழுதினதே இல்ல, ராண்டி வீக்ஸ் எழுதினது, அத போய் 'அவங்க டைரில இருந்து எடுத்த வரி'ன்னு கோட் பண்ணிருக்கீங்களே பாஸ். இந்த ஆல்பம் கிராமி விருது வாங்குச்சுன்னு சொன்னது மட்டும் சரி, ஆனா கன்ட்ரி இசைப் பிரிவுல இல்ல, சமகால ஃபோக் (நாட்டுப்புற இசை) பிரிவுல.